வாதாபியும் காஞ்சியும்: போட்டியிட்டு எழுந்து, போட்டியிட்டே தேய்ந்த இரு தலைநகரங்கள்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நண்பர்கள் கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. மூன்று வருடங்களாக எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்திருக்கிறது. கேட்டவள் என் பேத்தி. அன்றைக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோவண்டியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் விநாயக சதுர்த்திக்குக் கீழே பந்தல் போடுவார்கள். மராத்தியர், கன்னடர், வடக்கத்தியர், நாம் என்று எல்லாருமே பணம் போட்டு நடத்துகிற விழா. அந்த வருடம் ஒரு நாள் மாலை தமிழ்ப் பிள்ளைகள் பாட வேண்டிய முறை. என் பேத்தி அப்போது ஏழாம் வகுப்பு. முத்துசுவாமி தீட்சிதரின் 'வாதாபி கணபதிம்' பாடினாள். நன்றாகவே பாடினாள். எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் எதிர்வீட்டுப் பெரியவர் பாகல்கோட்டைப் பக்கத்துக்காரர். பிள்ளைகள் எல்லாரும் அவரை 'அஜ்ஜா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "வாதாபி எங்க ஊரும்மா. எங்க ஜில்லாவுல இருக்கற பாதாமிதான் அது. உங்க ராஜா வந்து எங்க ஊரை அழிச்சுட்டு, இந்தப் பிள்ளையாரையும் தூக்கிட்டுப் போயிட்டார்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் மாடிப்படி ஏறும்போது அவள் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். "தாத்தா, அஜ்ஜா சொன்னது நிஜமா? நாமளா அவங்க ஊரை அழிச்சோம்?"

எனக்கு நாக்கு எழவில்லை. ஏனென்றால் அந்தக் கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான். கல்கியின் 'சிவகாமியின் சபத'த்தை வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துப் படிக்கிற ஆள் நான். மாமல்லர் வாதாபியை வென்ற இடம் வரும்போதெல்லாம் மார்தட்டிச் சொல்லியிருக்கிறேன். அந்த வாதாபியில் பிறந்த மனிதர் எதிர்வீட்டில் இருப்பார் என்று நினைத்துப் பார்த்ததில்லை. புலிகேசி என்றாலே நம் பிள்ளைகளுக்கு இப்போது வடிவேலுதான் ஞாபகத்துக்கு வருகிறார் என்பது வேறு விஷயம்!

அப்புறம்தான் கதையை விட்டுவிட்டு வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததைக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குச் சொல்ல வசதியாக இங்கே சுருக்கித் தருகிறேன்.

கிரேக்கத்தில் ஒரு பாடம்

இரண்டு ஊர்கள் போட்டியில் வளர்ந்து, அதே போட்டியில் தேய்ந்துபோன கதை உலகத்துக்கே தெரிந்த ஒன்று உண்டு. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா. பழைய கிரேக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகர அரசுகள் இருந்தன. பாரசீகப் பேரரசு படையெடுத்து வந்தபோது, கி.மு. 480-ல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் ஒன்றாக நின்று அதைத் தடுத்தன. ஆபத்து நீங்கியதும் ஏதென்ஸ் கடலில் பெரியவன் ஆயிற்று; ஸ்பார்ட்டா தரையில் பெரியவன். கூட்டணி ஊர்கள் பொதுப் பாதுகாப்புக்குக் கொடுத்த பணம் கி.மு. 454-ல் ஏதென்ஸுக்கே கொண்டுபோகப்பட்டது. அழகான பார்த்தினான் கோயில் எழுந்த காலமும் அதுதான். மற்ற ஊர்களுக்கு வயிற்றெரிச்சல். கி.மு. 431-ல் தொடங்கிய போர் 27 வருடம் நடந்து, கி.மு. 404-ல் ஏதென்ஸ் பணிந்தது.

ஸ்பார்ட்டா ஜெயித்தது சரி. ஜெயித்து என்ன கண்டது? கி.மு. 480-ல் ஸ்பார்ட்டாவின் முழுக் குடிமக்களாகிய வீரர்கள் 8,000 பேர் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். கி.மு. 371-ல் லியூக்ட்ராவில் தீப்ஸ் என்ற மூன்றாவது ஊரோடு மோதியபோது களத்தில் நின்ற அப்படிப்பட்டவர்கள் 700 பேர்தான். அதில் 400 பேர் அன்று ஒரே நாளில் விழுந்தார்கள். தீப்ஸின் நாளும் நீளவில்லை. கி.மு. 338-ல் வடக்கிலிருந்து மாசிடோனிய மன்னர் பிலிப் வந்தார். ஸ்பார்ட்டாவைத் தவிர ஏறத்தாழ எல்லாரும் அவருக்குக் கீழே போனார்கள். அவர் மகன்தான் அலெக்சாண்டர்.

அண்ணன் தம்பி வரப்புச் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் வயல் யார் கைக்குப் போகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காஞ்சி, வாதாபி கதையும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கிரேக்க ஊர்கள் தனித்தனி நகர அரசுகள். காஞ்சியும் வாதாபியும் பெரிய நாடுகளின் தலைநகரங்கள். ஆனாலும் போட்டியின் போக்கு ஒன்றுதான்.

இரண்டு ஊர்கள்

காஞ்சி நமக்குத் தெரிந்த ஊர். பாலாற்றுச் சமவெளி, ஏரிப் பாசனம், நெல், நெசவு, கல்விச் சாலைகள், பக்கத்தில் மாமல்லபுரம் துறைமுகம். சைவமும் வைணவமும் பௌத்தமும் சமணமும் சேர்ந்து வாழ்ந்த ஊர்.

வாதாபி அப்படி இல்லை. நான் நேரில் போய்ப் பார்த்தேன். மும்பையிலிருந்து சோலாப்பூர் வழியாகப் பீஜாப்பூர், பாகல்கோட்டை தாண்டினால் பாதாமி ரயில் நிலையம். செக்கச் சிவந்த மணற்கல் குன்றுகள் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி எழுந்து நிற்கின்றன. நடுவில் ஏரி, அதற்கு அகஸ்திய தீர்த்தம் என்று பெயர். பார்த்த மாத்திரத்திலேயே இது கோட்டை கட்டுகிறவன் தேர்ந்தெடுத்த இடம் என்று புரிந்துவிடும். முதலாம் புலிகேசி இங்கே கோட்டை கட்டியதைச் சொல்லும் கல்வெட்டு சக ஆண்டு 465, அதாவது கி.பி. 543-ஐச் சேர்ந்தது. குன்றைக் குடைந்து செய்த குகைக் கோயில்களில் மூன்றாவது குகை கி.பி. 578-ல் முடிந்தது. அதற்கும் கல்வெட்டு இருக்கிறது.

இரண்டு ஊருக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தூரம். அப்படியிருக்க எதற்குச் சண்டை?

நடுவில் இருந்த நிலத்துக்குத்தான். துங்கபத்திரை, கிருஷ்ணை ஆற்றுப் பகுதிகளும், கீழே வேங்கி என்ற கோதாவரி, கிருஷ்ணைக் கழிமுகமும் இரண்டு பேருக்கும் வேண்டும். தக்காணத்து மேட்டு நிலத்தில் விளைச்சல் குறைவு, வீரம் அதிகம். தெற்கே காவிரி வரை விளைச்சல் அதிகம். மேட்டுக்காரன் பள்ளத்துக்கு இறங்கப் பார்ப்பான். பள்ளத்துக்காரன் தடுப்பான், பலம் வந்தால் மேட்டுக்கே ஏறிப் போவான். இதில் நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க இடமில்லை.

புலிகேசி கதவைத் தட்டினார்

இரண்டாம் புலிகேசி கி.பி. 610 அளவில் பட்டத்துக்கு வந்தார். வடக்கே ஹர்ஷரை நர்மதையைத் தாண்ட விடாமல் நிறுத்தியவர் அவர். அவருடைய வெற்றிகளை ரவிகீர்த்தி என்ற சமணப் புலவர் பாடி, ஐஹொளெ மேகுடிக் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார். ஆண்டு கி.பி. 634-35. மூன்று மகாராஷ்டிரங்கள் என்று நம் மாநிலத்தின் பெயரும் அதில் வருகிறது. மேலைக் கடலின் செல்வமாக விளங்கிய 'புரி' என்ற ஊரை நூற்றுக்கணக்கான கப்பல்களோடு முற்றுகையிட்டதாகவும் ஒரு செய்தி உண்டு. அந்தப் புரி, ட்ராம்பேக்கு அப்பால் கடலுக்குள் இருக்கும் நம் எலிபெண்டா, அதாவது கராபுரித் தீவுதான் என்பது சில அறிஞர்களின் கருத்து. ராஜபுரி என்பது வேறு சிலர் கருத்து. எதுவானாலும் புலிகேசி நமக்கு ஏதோ தூரத்து மனிதர் இல்லை. நாம் பிழைக்க வந்த இந்தக் கடற்கரையும் அவர் கைக்குள் இருந்ததுதான்.

அதே கல்வெட்டு, பல்லவ மன்னன் தன் படைகள் கிளப்பிய புழுதியில் மங்கிப்போய்க் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டதாகச் சொல்கிறது. அந்தப் பல்லவர் முதலாம் மகேந்திரவர்மர். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மலையைக் குடைந்து கோயில் செய்ததாக மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்தவர். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற சிரிப்பு நாடகம் எழுதியவர். காசாக்குடிச் செப்பேடு, மகேந்திரவர்மர் காஞ்சிக்குப் பக்கத்துப் புள்ளலூரில் பகைவரை வென்றதாகச் சொல்கிறது. பகைவர் யார் என்று பெயர் சொல்லவில்லை.

கவனியுங்கள். அவர்கள் கல்வெட்டில் அவர்கள் வெற்றி. நம் செப்பேட்டில் நம் வெற்றி. தோற்றேன் என்று கல்லில் வெட்டி வைத்த ராஜா எந்த ஊரிலும் கிடையாது. பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லும்போது முதலில் சொல்ல வேண்டிய விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கி.பி. 642

மகேந்திரருக்குப் பின் அவர் மகன் முதலாம் நரசிம்மவர்மர், நம் மாமல்லர், கி.பி. 630 அளவில் வந்தார். புலிகேசி மறுபடியும் தெற்கே இறங்கினார். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் நரசிம்மவர்மர் அவரைத் தோற்கடித்தார் என்று கூரம் செப்பேடு கூறுகிறது. மணிமங்கலம் இன்றைய தாம்பரம் பக்கம் இருக்கிறது. அப்படியென்றால் சண்டை காஞ்சியின் வாசலிலேயே நடந்திருக்கிறது. இலங்கை இளவரசன் மானவர்மன் அப்போது காஞ்சியில் அடைக்கலமாக இருந்தான். அவனும் மாமல்லருக்குத் துணையாகப் போரிட்டதை இலங்கை வரலாற்று நூலாகிய சூளவம்சம் சொல்கிறது.

துரத்திக்கொண்டு போன பல்லவப் படை வாதாபிக்குள்ளேயே நுழைந்தது. கி.பி. 642. நகரின் நடுவில் இருந்த வெற்றித் தூணைக் கைப்பற்றியதாக வேலூர்ப்பாளையம் செப்பேடு சொல்கிறது. பாதாமியில் ஒரு பாறையில் சிதைந்த நிலையில் மாமல்லரின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. 'வாதாபி கொண்ட' என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. புலிகேசி இந்தப் போரில்தான் இறந்திருக்க வேண்டும் என்பது வரலாற்று ஆசிரியர்களின் பொதுக் கருத்து.

சீன யாத்ரீகர் யுவான் சுவாங் இந்தப் போருக்குச் சற்று முன்தான், கி.பி. 640-ஐ ஒட்டி, காஞ்சிக்கும் புலிகேசியின் நாட்டுக்கும் போய் வந்தார். காஞ்சியில் நூறு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். புலிகேசியின் மக்கள் மானத்துக்கு உயிரைக் கொடுப்பவர்கள், உதவி செய்தவரை மறக்காதவர்கள், அவமதித்தவரை விடாதவர்கள் என்று எழுதினார். இரண்டு ஊரையும் மரியாதையோடு பார்த்த ஒரு வெளியூர்க்காரரின் சாட்சி அது. அவர் பார்த்துவிட்டுப் போன கொஞ்ச நாளில் அவற்றில் ஒன்று சரிந்தது.

ஆக, அஜ்ஜா சொன்னது உண்மையா? பாதி உண்மை. நகரம் விழுந்தது உண்மை. ஆனால் குகைக் கோயில்கள் அப்படியே நிற்கின்றன. என் கண்ணால் பார்த்தேன். பிள்ளையார் விஷயம் வேறு. வாதாபிப் போரில் படை நடத்தியவராகச் சொல்லப்படும் பரஞ்சோதியார்தான் பிற்பாடு சிறுத்தொண்ட நாயனார் ஆனார். அவர் கொண்டுவந்த யானை, குதிரை, மணி, பொற்குவியல் எல்லாவற்றையும் பெரிய புராணம் சொல்கிறது, பிள்ளையாரைச் சொல்லவில்லை. திருச்செங்காட்டங்குடிப் பிள்ளையார் வாதாபியிலிருந்து வந்தவர் என்பது செவிவழியாக வந்த மரபு. அதற்கு அந்தக் காலத்து எழுத்துச் சான்று கிடையாது.

பழிக்குப் பழி

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியதே இல்லை. நாவல் அங்கே முடியலாம். ஊர்கள் அங்கே முடிவதில்லை.

பதின்மூன்று வருடம் வாதாபி தலையெடுக்க முடியாமல் கிடந்தது. கி.பி. 655 அளவில் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தர் நாட்டை மீட்டார். தகப்பனுக்கு நேர்ந்ததை அவர் மறக்கவில்லை. பல்லவர் மீது பாய்ந்து கி.பி. 674-ல் காவிரியின் தென்கரையில் உறையூர் வரைக்கும் வந்து பாசறை போட்டிருந்தார் என்பது அவருடைய கத்வால் செப்பேட்டிலிருந்து தெரிகிறது. காஞ்சியையும் பிடித்ததாக அவர் பக்கம் சொல்கிறது. மாமல்லரின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மர் பெருவளநல்லூரில் அவரை முறியடித்தார், விக்கிரமாதித்தர் கந்தலைப் போர்த்திக்கொண்டு தனியாக ஓடினார் என்று நம் பக்கத்துச் செப்பேடுகள் சொல்கின்றன.

இப்படி ஒருவர் ஊரில் ஒருவர் புகுவதும் திரும்புவதுமாக மூன்று தலைமுறை போயிற்று. ஒருவராலும் மற்றவர் நாட்டை நிரந்தரமாக வைத்து ஆள முடியவில்லை. அது ஏன் என்று யோசித்தால் விடை எளிது. 550 கிலோமீட்டர் தள்ளி ஒரு படையை நிறுத்தி வைக்கச் சோறு வேண்டும், யானைக்குத் தீவனம் வேண்டும். போகிற வழியெல்லாம் சிற்றரசர்களை நம்ப வேண்டும். எனவே போவது, அடிப்பது, அள்ளிக்கொண்டு திரும்புவது. இதுதான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் மிதிபட்டது வழியில் இருந்த உழவன் வயல்தான். அவன் கல்வெட்டு வெட்டவில்லை. அதனால் அவன் கணக்கு நமக்குக் கிடைக்கவில்லை.

நடுவில் கொஞ்சம் மூச்சுவிட்ட காலமும் உண்டு. கி.பி. 700-ஐ ஒட்டிக் காஞ்சியை ஆண்ட இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மர் கோயில் கட்டினார். காஞ்சி கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் அவர் கொடை.

ஒரு ராஜா செய்த காரியம்

இப்போதுதான் என் மனதைத் தொட்ட இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் விக்கிரமாதித்தர் கி.பி. 733-ஐ ஒட்டி வாதாபியில் பட்டத்துக்கு வந்தார். புலிகேசியின் வழிவந்தவர். நூறு வருடப் பழி அவர் தலையில் இருந்தது. அப்போது காஞ்சியை ஆண்டவர் இரண்டாம் நந்திவர்மர். விக்கிரமாதித்தர் காஞ்சியைப் பிடித்தேவிட்டார்.

வாதாபிக்கு நேர்ந்ததைக் காஞ்சிக்குச் செய்ய அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. அவர் அதைச் செய்யவில்லை. நகரை அழிக்காமல் உள்ளே போனார். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதை எடுத்துக்கொள்ளாமல் கடவுளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். இது யாரோ சொன்ன கதை இல்லை. அந்தக் கோயில் மண்டபத் தூணில் அவருடைய கன்னடக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு எத்தனையோ தடவை போன நான் அதைத் தேடிப் பார்த்ததே இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் மகன் காலத்தில் கி.பி. 750-ல் எழுதிய கேந்தூர்ச் செப்பேடும் இதையே சொல்கிறது. கேந்தூர் வேறு எங்கும் இல்லை. நம் புனே மாவட்டத்து ஊர்தான்.

கிரேக்கத்திலும் இப்படி ஒரு தருணம் உண்டு. கி.மு. 404-ல் ஏதென்ஸ் பணிந்தபோது, அதைத் தரைமட்டமாக்க வேண்டும், மக்களை அடிமைகளாக விற்க வேண்டும் என்று தீப்ஸும் கொரிந்தும் கேட்டன. ஸ்பார்ட்டா மறுத்துவிட்டது. பாரசீகர் வந்த ஆபத்தான நேரத்தில் கிரேக்கத்துக்கே நன்மை செய்த ஊரை அழிக்க மாட்டோம் என்றது. மதிலை மட்டும் இடித்தார்கள். அந்த மறுப்பினால்தான் அதற்குப் பிறகும் ஏதென்ஸில் பிளேட்டோ பள்ளி வைக்க முடிந்தது. அரிஸ்டாட்டில் பாடம் நடத்த முடிந்தது.

விக்கிரமாதித்தரின் நல்ல குணத்தை நான் மிகைப்படுத்தவில்லை. அவரும் படையெடுத்து வந்தவர்தான். தங்கள் அரசன் காஞ்சியை மூன்று தடவை வென்ற பெருமையைப் பட்டதகல் கோயிலில் அவர்கள் பொறித்துக்கொண்டதும் உண்மைதான். இருந்தாலும் கையில் கிடைத்த பழியை ஒருவர் கீழே வைத்தார். அதன் பலனை அடுத்துப் பாருங்கள்.

மூன்றாமவர் வந்தார்

முதலில் அரசியல். இத்தனை போரிலும் வாதாபிக்குக் கீழே இருந்த சிற்றரசர் குடும்பம் ஒன்று மெல்ல வளர்ந்தது. அதுதான் இராஷ்டிரகூடர். அந்தக் குடும்பத்துத் தந்திதுர்க்கர் கி.பி. 753 அளவில் சாளுக்கியரைக் கவிழ்த்தார். கோலாப்பூர் மாவட்டத்துச் சாமன்கட் செப்பேட்டில் அவர் பெருமையைப் படித்தால் சிரிப்பும் வரும், பெருமூச்சும் வரும். காஞ்சி மன்னனையும் சேர, சோழ, பாண்டியரையும் ஹர்ஷரையும் தோற்கடித்த கர்நாடகப் படையையே நான் சுலபமாகத் தோற்கடித்தேன் என்கிறார். வாதாபி இருநூறு வருடம் சேர்த்துவைத்த வெற்றியெல்லாம் கடைசியில் இன்னொருவரின் வெற்றிப் பட்டியலில் ஒரு வரியாகப் போயிற்று!

காஞ்சி இன்னும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்தது. ஆனால் வடக்கே இராஷ்டிரகூடர், தெற்கே பாண்டியர் என்று இரண்டு பக்கமும் இடி. இங்கேயும் கீழே இருந்தவர்கள்தான் எழுந்தார்கள். கி.பி. 850 அளவில் விஜயாலயர் தஞ்சையைப் பிடித்தார். அவர் மகன் ஆதித்த சோழர் அந்த நூற்றாண்டின் கடைசியில் அபராஜித பல்லவரை வீழ்த்தித் தொண்டை மண்டலத்தை எடுத்துக்கொண்டார். பல்லவர் கதை முடிந்தது.

சண்டை முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. சோழரும் கல்யாணிச் சாளுக்கியரும் பெயரை மாற்றிக்கொண்டு அதே வரப்புச் சண்டையைத் தொடர்ந்தார்கள். கி.பி. 1054-ல் கொப்பத்தில் இராஜாதிராஜ சோழர் யானை மேலேயே உயிர் விட்டார்.

கல்லில் மிஞ்சியது

இனி அந்தப் பலனுக்கு வருகிறேன். விக்கிரமாதித்தரின் பட்டத்தரசி லோகமகாதேவி, கணவரின் காஞ்சி வெற்றியின் நினைவாகப் பட்டதகலில் ஒரு சிவன் கோயில் எழுப்பினார். இன்று விருபாட்சர் கோயில் என்கிறோம். வெற்றிச் சின்னம்தான். ஆனால் போய்ப் பார்த்தால் நமக்குக் காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் ஞாபகம் வரும். விமானம், சுற்று மதில், அதில் அமைந்த சிறு கோயில்கள் என்று பலவும் தென்னாட்டு அமைப்பு. அதைக் கட்டிய குண்டன் என்ற ஸ்தபதிக்குத் 'தென்திசைச் சூத்திரதாரி' என்ற பொருளில் பட்டம் கொடுத்து, கல்வெட்டில் பெயரும் பொறித்திருக்கிறார்கள். தங்கள் தலைநகரை அழித்தவர் வம்சத்தின் கோயிலைப் பார்த்து, அந்த அழகைத் தங்கள் ஊரிலேயே கட்டிக்கொண்டார்கள் சாளுக்கியர்கள்.

அதோடு நிற்கவில்லை. சாளுக்கியரைக் கவிழ்த்த இராஷ்டிரகூடர், தந்திதுர்க்கருக்குப் பின் வந்த முதலாம் கிருஷ்ணர் காலத்தில், எல்லோராவில் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கைலாசநாதர் கோயிலைச் செய்தார்கள். ஏறத்தாழ 84 மீட்டர் நீளமும் 47 மீட்டர் அகலமும் உள்ள பள்ளத்துக்குள் நிற்கிறது அந்தக் கோயில். அதற்கு முன்மாதிரி பட்டதகல் விருபாட்சர் கோயில், அதற்கு முன்மாதிரி காஞ்சி கைலாசநாதர் என்பது கலை வரலாற்று அறிஞர்கள் பலரும் ஏற்றுக்கொண்ட கருத்து. காஞ்சி, பட்டதகல், எல்லோரா. தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம்.

விக்கிரமாதித்தர் அன்றைக்குக் காஞ்சிக் கோயிலை இடித்திருந்தால் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்திருக்கும். நம் மும்பைப் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பிக்னிக்குக்குப் போய் நின்று படம் எடுத்துக்கொள்கிற எல்லோராவும் இன்றைய உருவத்தில் இருந்திருக்காது.

என் பதில்

மூன்று வருடம் கழித்துப் பேத்திக்கு நான் சொன்னது இதுதான்: "ஆமாம்மா, காஞ்சி ராஜா ஒருத்தர் வாதாபியை அழிச்சார். அதுக்கு முன்னாடி வாதாபி ராஜா காஞ்சி வாசல் வரைக்கும் வந்தார். ரெண்டு பேருமே தப்பும் செஞ்சாங்க, நல்லதும் செஞ்சாங்க. அதை 'நாம' செய்யலை. ஆனா எதைப் பெருமையா எடுத்துக்கறதுன்னு முடிவு பண்றது மட்டும் நாமதான்."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப அந்த நல்ல ராஜா கல்வெட்டை அஜ்ஜாகிட்ட சொன்னீங்களா?" என்றாள்.

சொல்லியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே போய்ச் சொன்னேன். அவர் ஊர் ராஜா எங்கள் ஊர்க் கோயிலில் கன்னடத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்பது அவருக்கும் தெரியாது. சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படின்னா ஒரு தடவை காஞ்சிக்குப் போகணுமே" என்றார். போன டிசம்பரில் முதல் படியாக இரண்டு குடும்பமும் சேர்ந்து எல்லோராவுக்குப் போய் வந்தோம். பதினாறாம் குகையில் பேத்தி அவருக்கு விமானத்தைக் காட்டி, இது காஞ்சியிலிருந்து உங்கள் ஊர் வழியாக இங்கே வந்தது என்று மராத்தியில் விளக்கினாள். எனக்கு அவ்வளவு மராத்தி வராது. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊரிலிருந்து எதைக் கொண்டுவந்தோம், எதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கப் போகிறோம் என்பது நமக்கு இருக்கிற பொறுப்பு. 'சிவகாமியின் சபத'த்தைப் படிக்கச் சொல்லுங்கள். அது தமிழின் நல்ல நாவல். படித்து முடித்த பிறகு அந்தக் கன்னடக் கல்வெட்டையும் சொல்லுங்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடைக்கு முன்னால் கைலாசநாதர் கோயிலுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். காவலாளியிடம் கேட்டால் தூணைக் காட்டுவார்.